பீர் ஈஸ்ட்டுக்கு ஒரு நாற்றங்கால்

நெல்லை நாற்றங்காலில் வளர்த்து, வலுத்த பிறகு பறித்து வயலில் நடுவதற்கு என்ன காரணமோ, அதே காரணத்துக்காகத்தான் வீட்டில் பீர் தயாரிப்பவர்கள் ஈஸ்ட் ஸ்டார்ட்டர் வைக்கிறார்கள், அதாவது ஈஸ்ட்டை முதலில் ஒரு சிறு குடுவையில் பெருக்கிக்கொள்கிறார்கள். பீராகப் போகும் இருபது லிட்டர் மால்ட் (முளைகட்டிய தானிய) சாறு என்பது சர்க்கரையும் சத்தும் நிறைந்த, களை முளைக்கக் காத்திருக்கும் நிலம். அதில் இடும் ஈஸ்ட் எண்ணிக்கையில் குறைந்தோ, நெடுநாள் கிடந்து சோர்ந்தோ இருந்தால், அது பெருகி இடம் பிடிப்பதற்குள் பாத்திரத்திலும் காற்றிலும் உள்ள பாக்டீரியாவும் காட்டு ஈஸ்ட்டும் முந்திக்கொள்ளும். அவை முந்தாவிட்டாலும், சுமை தாங்காத ஈஸ்ட் தரும் பீரில் டையசெட்டிலின் வெண்ணெய் வாடையும், அசிட்டால்டிஹைடின் பச்சை ஆப்பிள் வாடையும், தொண்டையைச் சுடும் கன ஆல்கஹால்களும் தங்கிவிடும். சில வேளைகளில் நொதித்தல் பாதியிலேயே நின்றும் போகும்.

பிரிட்டனில் 1963 முதல் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் தயாரிக்க உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978இல் கையெழுத்தான சட்டம் இதற்கு வழிவிட்டது. தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டத்தின்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம். ஆகவே நான் எழுதுவது, என்னைப் போல லண்டனிலோ, சட்டம் அனுமதிக்கும் வேறு ஊர்களிலோ வாழ்பவர்களுக்கு.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்: ஸ்டார்ட்டரில் நாம் வளர்ப்பது ஈஸ்ட்டை, பீரை அல்ல. அந்தக் குடுவையில் உள்ள திரவம் சுவையாக இருக்க வேண்டியதில்லை, ஏனென்றால் அதில் பெரும்பகுதியை நாம் கொட்டிவிடப் போகிறோம். பீருக்குக் கேடான வெதுவெதுப்பும், இடைவிடாமல் உட்புகும் காற்றும் ஈஸ்ட் பெருகுவதற்கு நல்லவை. கீழே சொல்லும் ஒவ்வொரு செயலுக்கும் காரணம் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

எவ்வளவு ஈஸ்ட் தேவை

பீர் தயாரிப்பாளர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் கணக்கு இது. சற்று வெப்பமான நிலையில் நொதிக்கும் ஏல் வகை பீருக்கு, ஒரு மில்லிலிட்டர் சாற்றில், ஒவ்வொரு பிளேட்டோ டிகிரிக்கும் (சாற்றின் சர்க்கரை அடர்த்தியைச் சொல்லும் அளவு) 7.5 லட்சம் உயிருள்ள செல்கள் வேண்டும். குளிர்ந்த நிலையில் நொதிக்கும் லாகர் வகைக்கு அதைப்போல் இருமடங்கு, அதாவது 15 லட்சம். அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் 1.048 காட்டும் சாறு ஏறத்தாழ 12 பிளேட்டோ. அப்படியானால் 20 லிட்டர் ஏலுக்கு 18,000 கோடி செல்களும், அதே அளவு லாகருக்கு 36,000 கோடி செல்களும் தேவைப்படுகின்றன.

கடையில் வாங்கும் திரவ ஈஸ்ட் பொட்டலம் ஒன்றில், அது புதிதாக இருக்கும்போது, சுமார் 10,000 கோடி செல்கள் இருக்கும் என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம். சில நிறுவனங்கள் இப்போது இதைவிட அதிகமாகவும் அடைக்கின்றன. உறையில் எழுதியிருப்பதைப் படித்துக்கொள்ளுங்கள். குளிர்பதனப் பெட்டியில் இருந்தாலும் மாதத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு செல்கள் இறந்துவிடும் என்பது நடைமுறைக் கணக்கு. எனவே இரண்டு மாதப் பொட்டலத்தில் சுமார் 6,000 கோடிதான் மிஞ்சியிருக்கும். கோடைக்காலத்தில் தபாலில் வெயில் தின்று வந்த பொட்டலமானால் அதையும் நம்ப முடியாது. எனக்கு ஒருமுறை அப்படிக் கைச்சூட்டில் வந்து சேர்ந்த பொட்டலத்தைத் தேதியை மட்டும் பார்த்து அப்படியே ஊற்றிவிட்டேன். மூன்று நாள் கழித்துத்தான் நுரை கட்டியது.

குடுவைக்குள் இட்ட காந்தத் துண்டை அடியிலிருந்து சுழற்றும் காந்தக் கலக்கியின் மேல் வளரும் ஸ்டார்ட்டரில், ஒரு கிராம் மால்ட் பொடிக்கு ஏறத்தாழ 140 கோடி புதிய செல்கள் உண்டாகும். ஒரு லிட்டரில் 100 கிராம் பொடி கரைத்தால் 14,000 கோடி. மேலே சொன்ன இரண்டு மாதப் பொட்டலத்தோடு சேர்த்தால் 20,000 கோடி. ஏலுக்கு அது போதும். லாகருக்கு, ஒரு மாதப் பொட்டலத்தில் மிஞ்சிய 8,000 கோடியோடு, இரண்டு லிட்டர் ஸ்டார்ட்டர் தரும் 28,000 கோடியும் சேர்ந்தால் கணக்கு சரியாகிவிடும். கலக்கி இல்லாமல், நினைத்தபோது கையால் குலுக்கி வளர்ப்பவர்கள் இதில் பாதியளவே எதிர்பார்க்கலாம் என்பதால், அவர்கள் குடுவையைப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். இவை எல்லாம் உத்தேச எண்கள்தான். பத்தில் ஒன்று கூடுவதும் குறைவதும் பீரைக் கெடுத்துவிடாது. பாதியாகக் குறைவதே கெடுக்கும்.

உலர் ஈஸ்ட்டுக்கு ஸ்டார்ட்டர் வைக்க வேண்டாம். உலர்த்துவதற்கு முன்பே அதன் செல்களுக்குள் தேவையான கொழுப்பும் சேமிப்புச் சத்தும் ஏற்றி அனுப்புகிறார்கள். நாம் அதைச் சிறு குடுவையில் பெருக்கினால் அந்தச் சேமிப்பைக் கரைப்பதாகவே முடியும். போதாது என்று தோன்றினால் இன்னொரு பொட்டலம் வாங்கிப் போடுவதே மலிவு.

சாறு தயாரித்தல்

வேண்டிய பொருள்கள் சிலவே: வெளிர் நிற மால்ட் எக்ஸ்ட்ராக்ட் பொடி, ஈஸ்ட் சத்துப் பொடி, போரோசிலிகேட் கண்ணாடியாலான கூம்புக் குடுவை, காந்தக் கலக்கி, அலுமினியத் தாள், கழுவி எடுக்கத் தேவையில்லாத அமில வகைக் கிருமிநீக்கி, சமையல் தராசு, வெப்பமானி. குடுவை, வைக்கப் போகும் ஸ்டார்ட்டரைவிடக் குறைந்தது ஒன்றரை மடங்கு கொள்ள வேண்டும், ஏனெனில் நுரை கழுத்துவரை எழும்.

மால்ட் பொடிக்குப் பதிலாகச் சர்க்கரையைக் கரைத்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். வெறும் சர்க்கரையில் ஈஸ்ட்டுக்கு வேண்டிய நைட்ரஜனும் தாதுக்களும் இல்லை. அதோடு, எளிய சர்க்கரையிலேயே வளர்ந்த ஈஸ்ட், மால்ட் சாற்றின் முக்கியச் சர்க்கரையான மால்டோஸை உட்கொள்ளும் திறனில் பின்தங்கி, பிறகு மால்ட் சாற்றில் விட்டதும் தடுமாறுகிறது. பத்துக்கு ஒன்று என்ற அளவு, அதாவது லிட்டருக்கு 100 கிராம் மால்ட் பொடி, ஏறத்தாழ 1.037 ஒப்படர்த்தி தரும். இதற்கு மேல் அடர்த்தி கூட்டினால் அதிக ஈஸ்ட் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். கூடுதல் சர்க்கரையும் அதிலிருந்து வரும் ஆல்கஹாலும் செல்களை வருத்தும். பத்து சதவீத ஆல்கஹால் பீர் தயாரித்தாலும் ஸ்டார்ட்டரின் அடர்த்தி இதுவே.

தண்ணீரையும் பொடியையும் பாத்திரத்தில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு சிட்டிகை ஈஸ்ட் சத்துப் பொடியும் சேர்த்து, பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். மால்ட் பொடி ஆவி பட்டால் நொடியில் பிசினாகிவிடும். அதனால் ஆறின தண்ணீரிலேயே கரைத்துவிட்டு, பிறகு அடுப்பில் ஏற்றுவது நல்லது. குடுவையிலேயே நேராகக் கொதிக்க வைக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிச் செய்த அன்று, பால் பொங்குவதைவிட வேகமாக நுரை எழுந்து, ஒடுங்கிய கழுத்தின் வழியே பீறிட்டு, அடுப்பு முழுவதும் கருகிய சர்க்கரையாகப் படிந்தது. அகன்ற பாத்திரத்தில் கொதிக்க வைத்துப் பிறகு ஊற்றுவதையே அன்றிலிருந்து செய்து வருகிறேன். கொதித்த பாத்திரத்தை மூடி, தண்ணீர் நிரப்பிய தொட்டியில் நிறுத்தி, 22 டிகிரி செல்சியஸ் வரை ஆறவிடுங்கள்.

இதற்கிடையில் குடுவை, கலக்கும் காந்தத் துண்டு, புனல், கத்தரிக்கோல், அலுமினியத் தாள், ஈஸ்ட் பொட்டலத்தின் வெளிப்புறம் ஆகிய எல்லாவற்றையும் கிருமிநீக்கியில் நனைத்து எடுங்கள். ஸ்டார் சான் போன்றவற்றை லிட்டருக்கு ஒன்றரை மில்லிலிட்டர் கலந்து, பொருளின் மேற்பரப்பு ஓரிரு நிமிடம் ஈரமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். கத்தரிக்கோலை மறந்துவிடுபவர்கள் அதிகம். பொட்டலத்தை வெட்டும்போது அதன் விளிம்பில் உள்ளது நேராக உள்ளே போகிறது.

மாவு அரைக்கும் நாளில் வேண்டாம்

இந்த எச்சரிக்கை நம் வீடுகளுக்கே உரியது. பீர் பெரும்பாலும் கெடாமல் தப்புவதற்கு அதில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் ஒரு காரணம். அதன் அமிலங்கள் லாக்டிக் அமில பாக்டீரியாவில் பெரும்பாலானவற்றைத் தலையெடுக்க விடுவதில்லை. ஸ்டார்ட்டருக்கான சாற்றில் நாம் ஹாப்ஸ் சேர்ப்பதில்லை என்பதால், அதற்கு அந்தக் காவல் இல்லை. இட்லி மாவைப் பொங்க வைப்பதும், பாலைத் தயிராக்குவதும் அதே லாக்டிக் அமில பாக்டீரியாக்கள்தாம். மாவு கரைத்த கை, உறை ஊற்றிய கரண்டி, மாவு தெறித்த மேடை ஆகியவற்றில் அவை கோடிக்கணக்கில் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை வீட்டில் மாவு அரைத்துக் கரைத்த மேடையிலேயே, துடைத்துவிட்டோமே என்ற நம்பிக்கையில், ஸ்டார்ட்டர் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை எடுத்துச் சுவைத்தபோது புளித்த மோரின் சுவை தெளிவாகத் தெரிந்தது. அதைக் கொட்டிவிட்டு, காய்ச்சும் நாளை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்தேன். இப்போது மாவு அரைக்கும் நாளும் ஸ்டார்ட்டர் வைக்கும் நாளும் எங்கள் வீட்டில் ஒன்றாக வருவதில்லை. ஈஸ்ட்டைக் குளிர்பதனப் பெட்டியில் தயிர்ப் பாத்திரத்துக்கு மேல் தட்டிலேயே வைக்கிறோம்.

தூய்மையின் மீதான இந்தக் கண்டிப்பு பீர் வரலாற்றிலேயே வேரோடியது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883இல் ஒரே ஒரு செல்லிலிருந்து தூய ஈஸ்ட் வளர்ப்பைப் பெருக்கிக் காட்டினார். அதுவரை மதுவாலைகள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திவந்த ஈஸ்ட்டில் நல்லதும் கெட்டதும் கலந்தே இருந்தன. ஒரு காய்ச்சல் ஏன் கெட்டது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கார்ல்ஸ்பெர்க் அந்த முறையைத் தன்னிடமே ஒளித்து வைத்துக்கொள்ளாமல் பிறருக்கும் கொடுத்தது. இன்று நாம் கடையில் வாங்கும் ஒவ்வொரு பொட்டலமும் அந்தக் கொடையின் தொடர்ச்சி என்றே நினைக்கிறேன். அதை அழுக்குக் கரண்டியால் கெடுப்பதற்கு எனக்கு மனம் வருவதில்லை.

வளர்த்தல்

ஆறிய சாற்றைக் குடுவையில் ஊற்றி, காந்தத் துண்டைச் சரித்து மெல்ல உள்ளே நழுவவிட்டு, பொட்டலத்தைக் குலுக்கி ஈஸ்ட்டை விடுங்கள். வாயை அலுமினியத் தாளால் தளர்வாக மூடினால் போதும். வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத ஏர்லாக் அடைப்பானைப் பூட்ட வேண்டாம், ஏனெனில் இங்கே காற்று உள்ளே வர வேண்டும். ஈஸ்ட் செல் இரண்டாகப் பிரியும்போது புதிய செல் சவ்வுக்கு ஸ்டெரால்களும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களும் தேவை. அவற்றை உருவாக்க ஆக்சிஜன் வேண்டும். தூசியும் அதில் ஏறிவரும் கிருமிகளும் பெரும்பாலும் மேலிருந்து கீழே விழுபவை என்பதால், தொப்பி போல மடித்த தாள் அவற்றைத் தடுத்துவிடும்.

கலக்கியின் வேகத்தை, மேற்பரப்பில் ஒரு சிறு குழி தெரியும் அளவுக்கு வைத்தால் போதும். அடிவரை சுழல் இறங்க வேண்டிய அவசியமில்லை. வெப்பம் 20 முதல் 25 டிகிரி வரை இருக்கட்டும், லாகர் ஈஸ்ட்டுக்கும் இதே அளவுதான். லாகரைக் குளிரில் நொதிக்க விடுவது சுவைக்காக. ஸ்டார்ட்டரில் சுவை நமக்குப் பொருட்டல்ல. லண்டன் குளிர்காலத்தில் எங்கள் சமையலறை இரவில் 15 டிகிரிக்கு இறங்கிவிடும். அந்நாட்களில் குடுவையை வெந்நீர்க் கொதிகலன் இருக்கும் அலமாரிக்கு அருகே வைத்துவிடுகிறேன்.

இரவு வைத்தால் மறுநாள் காலையில் முதல் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். முந்தின இரவு டிக்காஷன் போலத் தெளிவாக இருந்த சாறு, பால் விட்ட டீயின் நிறத்துக்கு மங்கியிருக்கும். குடுவையை விளக்குக்கு எதிரே பிடித்தால் மறுபக்கம் தெரியாது. கலக்கியை நிறுத்தினால் ஓரிரு நொடியில் நுண்குமிழிகள் கூட்டமாக மேலெழும். மூக்கை அருகில் கொண்டுபோனால் புது ரொட்டியின் வாசனை வரும். கலக்கியின் மேல் இருக்கும்போது நுரை தொப்பியாகக் கட்டாமல் போகலாம், அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். புதிய ஈஸ்ட் 24 மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும். பழையது 36 முதல் 48 மணி நேரம் எடுக்கும். சந்தேகம் இருந்தால் ஹைட்ரோமீட்டர் தீர்த்து வைக்கும்: 1.037 இல் தொடங்கியது 1.010 அளவுக்கு இறங்கியிருந்தால் ஈஸ்ட் வளர்ந்துவிட்டது.

மேற்பரப்பில் பஞ்சு போன்ற திட்டோ, சுருங்கிய ஆடையோ, வினிகர் நெடியோ, அழுகிய வாடையோ இருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். லாகர் ஈஸ்ட்டில் முட்டையின் கந்தக வாடை வருவது மட்டும் இயல்பானது.

தெளிய வைத்து ஊற்றுதல்

சனிக்கிழமை பீர் காய்ச்சுவதானால் நான் புதன்கிழமை இரவு ஸ்டார்ட்டர் வைத்து, வியாழன் இரவு குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றுகிறேன். குளிரில் ஈஸ்ட் அடியில் வெண்ணெய் நிற மண்டியாகப் படியும்; அதன் மேல் பழுப்புத் திரவம் தெளிந்து நிற்கும். எளிதில் படியாத ஈஸ்ட்டானால் இன்னும் ஒருநாள் முன்னதாகவே தொடங்க வேண்டும், ஏனென்றால் தெளியாத திரவத்தோடு கொட்டிவிடுவது அங்குமிங்கும் மிதக்கும் நல்ல செல்களைத்தான்.

காய்ச்சும் நாளில் தெளிவை மெல்லச் சரித்து இறுத்துவிட்டு, மண்டியைக் கலக்குவதற்குப் போதுமான சிறிதளவை மட்டும் குடுவையில் விடுங்கள். குடுவைக்கு வெளியே ஒரு வலுவான காந்தத்தைப் பிடித்துக்கொண்டால் காந்தத் துண்டு பீர்த் தொட்டிக்குள் விழாது. இறுத்த திரவத்தில் ஒரு மிடறு சுவைத்துப் பாருங்கள். காற்றுப்பட்ட தட்டையான பீரின் சுவையும் மிக லேசான புளிப்பும் இருக்கலாம். மோர்ப் புளிப்பு இருக்கக் கூடாது. ஈஸ்ட்டை வெளியில் எடுத்து வைத்து, பீர்ச் சாற்றின் வெப்பநிலைக்கு நெருங்கவிட்டு ஊற்றுங்கள். வெதுவெதுப்பான ஈஸ்ட்டைத் திடீரெனக் குளிர்ந்த சாற்றில் விட்டால் அது சுருண்டு உறங்கிவிடும்.

தெளிய வைக்க நேரமில்லை என்றால், வைத்த 12 முதல் 18 மணி நேரத்துக்குள், ஈஸ்ட் உச்ச வேகத்தில் இருக்கும்போதே முழுவதையும் ஊற்றலாம். அது மிக வேகமாகத் தொடங்கும். ஆனால் 20 லிட்டருக்கு ஒரு லிட்டருக்கு மேல் இப்படி ஊற்றினால் ஸ்டார்ட்டரின் சுவை பீரில் ஏறும். மென்மையான லாகருக்கு இதை நான் செய்வதில்லை.

பாட்டிலின் அடியிலிருந்து

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. சியரா நெவாடா பேல் ஏல், பெல்ஜியத் துறவிகளின் ஷிமே போன்றவை பாட்டிலிலேயே மறுநொதிப்பு பெறுபவை. அவற்றின் அடியில் படிந்திருக்கும் மெல்லிய வண்டல் உயிருள்ள ஈஸ்ட். சில ஜெர்மானியக் கோதுமை பீர்களில் பாட்டிலுக்கென வேறு ஈஸ்ட் சேர்ப்பார்கள் என்பதால், எடுக்கும் முன் விசாரித்துக்கொள்ள வேண்டும். ஆல்கஹால் குறைந்ததாகவும் புதிதாகவும் இருக்கும் பாட்டிலைத் தேர்ந்தெடுத்து, ஒருவாரம் நிமிர்த்தி வைத்து, பீரை மெல்ல ஊற்றிவிட்டு, பாட்டில் வாயைத் தீயில் காட்டி, வண்டலை 100 மில்லிலிட்டர் சாற்றில் விடுங்கள்.

இங்கே மட்டும் சாறு நீர்த்திருக்க வேண்டும்: 100 மில்லிலிட்டருக்கு 5 கிராம் மால்ட் பொடி, அதாவது ஏறத்தாழ 1.020. ஆல்கஹாலிலும் அழுத்தத்திலும் மாதக்கணக்கில் கிடந்த செல்களுக்கு அடர்ந்த சாறு தாங்காது. பட்டினி கிடந்தவருக்கு முதலில் கஞ்சி கொடுப்பதைப் போன்றது இது. மூன்று நான்கு நாள் அசைவே தெரியாது. பிறகு அடியில் வெள்ளைப் பொடி கூடும். அதை 500 மில்லிலிட்டருக்கும், பின் இரண்டு லிட்டருக்கும் ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் முகர்ந்தும் சுவைத்தும் பார்க்க வேண்டும், ஏனெனில் ஒரு கிருமி நுழைந்திருந்தால் அதுவும் நம்மோடு சேர்ந்து படியேறுகிறது. நான்கு மாதத்துக்கு மேல் கிடந்த கடைப் பொட்டலத்தையும் இப்படிப் படிப்படியாகவே எழுப்பலாம்.

அடுத்த முறைக்கு

ஸ்டார்ட்டரைத் தேவையைவிடக் கால் பங்கு பெரிதாக வைத்து, கலக்கியை நிறுத்தும்போதே, தெளிவதற்கு முன்பாக, ஒரு கண்ணாடிக் குப்பியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஹாப்ஸும் ஆல்கஹாலும் பெரிதாகப் படாத அந்த ஈஸ்ட், நொதித்து முடிந்த பீரின் அடியிலிருந்து எடுப்பதைவிடத் தூய்மையானது. மூடியை இறுக்காமல், தேதியும் வகையும் எழுதி ஒட்டி, குளிர்பதனப் பெட்டியின் பின்பகுதியில் வையுங்கள். இறுக்கி மூடிய குப்பிக்குள் வாயு சேர்ந்து கண்ணாடி வெடிக்கக்கூடும். அடுத்த ஸ்டார்ட்டருக்கு இதுவே விதை.

ஆனால் கொதிக்க வைத்த வெறும் மால்ட் சாற்றைக் குப்பிகளில் அடைத்து அலமாரியில் சேமிக்க வேண்டாம். க்ளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் பாக்டீரியாவின் விதைத்துகள்கள் சாதாரணக் கொதிநிலையில் சாவதில்லை; மால்ட் சாற்றின் அமிலத்தன்மை அவற்றைத் தடுக்கும் அளவுக்கு இல்லை; காற்றில்லாத மூடிய குப்பி அவை நஞ்சு உண்டாக்க ஏற்ற இடம். வேண்டிய சாற்றை வேண்டிய மாலையிலேயே கொதிக்க வைத்து, ஆறியதும் ஈஸ்ட்டை இட்டுவிடுங்கள்.